நொண்டிக்கொண்டு போன பெண்

இது நடந்தது. எனக்கே நடந்தது.

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று. இந்த மாதிரி அனுபவம் சொல்கிறவர்களிடம் நேரம் கேட்டால் பெரும்பாலும் மழுப்புவார்கள். என்னிடம் நேரம் இருக்கிறது, நிமிடக் கணக்கில். தூரமும் இருக்கிறது. எல்லாம் அன்றைக்கே பென்சிலில் எழுதியவை. அந்த நோட்டு இப்போதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

தூர தேசத்து நாவல்களைத் தமிழில் படித்தே வளர்ந்தவள் நான். அவற்றில் பேய்கள் பனி கொட்டும் இரவில் வரும். மாடி ஜன்னலில் நிற்கும். மெழுகுவர்த்தி அணையும். நான் பார்த்தது பட்டப்பகலில். மணி 4.07. கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கையில் பாதி கடித்த பிஸ்கட்.

என் அக்கா ஜீப் ஓட்டுகிறாள். எங்கள் தீவின் தெற்குக் கரையில் சாலை கிடையாது. பதினேழு கிலோமீட்டர் வெறும் மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முள்புதர் மூடிய மணல்மேடுகள். ஒரு மேட்டுக்கும் இன்னொரு மேட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அந்த வழியாக ஆமை, உடும்பு, மான், பறவைகள் பார்க்க ஆட்களை அழைத்துப் போவதுதான் அக்காவின் தொழில். ஒரு தடவைக்கு நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டாள்.

விடுமுறைக்கு நான் வந்தால் எனக்கும் வேலை உண்டு. பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுத வேண்டும். என்ன பார்த்தோம், மணி என்ன, வாசல் கேட்டிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர். அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் பார்த்ததை எழுதக் கூடாது. ரெண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். நம்பர் ஒரு புள்ளி தப்பினாலும் தொலைத்துவிடுவாள்.

"ஏய் புழு, மீட்டரைப் பார்த்து எழுது. மேகத்தைப் பார்த்து எழுதாத."

புத்தகப் புழு என்பதன் சுருக்கம்தான் புழு. பழகிவிட்டது.

இன்னொரு சட்டமும் உண்டு. ஜீப்பின் ஏறுபடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் நாலு கொக்கி, நாலு மரக்கட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு எண். இறங்கும்போது உங்கள் கட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது மாட்ட வேண்டும். நாலு கட்டையும் தொங்கினால் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். அக்கா திரும்பி முகங்களை எண்ண மாட்டாள். கட்டையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பாள். ஆறு வருஷத்தில் அது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அன்றைக்குத் தப்பியது.

வந்தது மூன்று பேர். ஒன்றாம் எண் ஒரு பல் டாக்டர். இரண்டாம் எண் அவர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். நாலாம் எண் நான். மூன்றாம் எண்ணை வாங்கியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். தனியாக வந்தார், தனி சீட் கேட்டார். ஜீப்பின் பின்புறம் வெளியே பார்த்த மாதிரி ஒரு ஒற்றை சீட் உண்டு. புழுதி வராமல் இருக்க எங்களுக்கும் அதற்கும் நடுவே தடித்த கித்தான் திரை தொங்கும். அங்கே உட்கார்ந்தால் மற்றவர்களைப் பார்க்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம்.

"வெயில் அடிக்குமே சார்?" என்றேன்.

"பரவால்ல. பழக்கம்தான்."

எதற்குப் பழக்கம் என்று நான் கேட்கவில்லை.

12.40. கேட்டில் டயர்களின் காற்றை இறக்கினோம். மணலில் ஓட்டக் காற்று பாதியாவது குறைய வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். அக்கா எல்லாரையும் நிற்கவைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"ஒன்பதாவது கிலோமீட்டர்ல ஆத்து வாய் இருக்கு, ஆறு கடல்ல சேர்ற இடம். தண்ணி வத்தினாதான் தாண்ட முடியும். திரும்பி வரும்போது அஞ்சே காலுக்குள்ள அதைத் தாண்டியாகணும். அப்புறம் கடல் ஏறிடும், மேடு வரைக்கும். அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா போக்கிடம் கிடையாது."

"அஞ்சு இருபதுக்கு வந்தா?" என்றார் டாக்டர்.

"நீந்தத் தெரியுமா சார்?"

"பல்லுதான் பிடுங்கத் தெரியும்."

"அப்ப அஞ்சே கால்."

எல்லாரும் சிரித்தோம். தனி சீட்காரர் சிரிக்கவில்லை. ஆத்து வாய் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிற வழி நன்றாகவே இருந்தது. நோட்டில் எல்லாம் இருக்கிறது. 1.05, உடும்பு, 3.4. 1.52, ஆத்து வாய், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. 2.31, ஆமை ஏறிய தடம், பழசு, 12.8. பதினேழாவது கிலோமீட்டரில் பாறைகள் வரை போய்த் திரும்பினோம்.

3.48. 14.2.

அக்கா சட்டென்று பிரேக் போட்டாள். முன்னால் மணலில் ஒரு குட்டிப் பறவை. உப்புக்கொத்தி. ஒரு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இழுத்து இழுத்து ஓடியது. விழுந்தது. துடித்தது. மறுபடி எழுந்து ஓடியது.

"ஐயோ, பாவம், ஒடிஞ்சிருக்கு!" டீச்சர் பதறினார்.

"ஒண்ணும் ஒடியல டீச்சர். நடிப்பு. கூடு பக்கத்துல எங்கேயோ இருக்கு. நம்மளப் பார்த்து பயந்து, என்னைப் பிடிங்க, என்னைப் பிடிங்கன்னு நம்மளத் தள்ளிக் கூட்டிட்டுப் போகுது. நாம நின்னா அதுவும் நிக்கும். நாம போனா அதுவும் போகும். கூட்டை விட்டு தூரமா வந்துட்டோம்னு தெரிஞ்சதும் ஜம்முனு எழுந்து பறந்துடும்," என்றாள் அக்கா.

"அடேங்கப்பா! எங்கிட்ட பல் வலின்னு வர்றவங்ககூட இவ்வளவு நடிக்க மாட்டாங்க," என்றார் டாக்டர்.

கித்தான் திரை விலகியது. தனி சீட்காரர் தலையை நீட்டினார். அன்றைக்கு அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்ப கூடு எங்க இருக்கும்?"

"அது போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சார்."

"எப்பவுமே எதிர்ப்பக்கம்தானா?"

"எப்பவுமே. ஆனா தேடக் கூடாது."

அவர் தலையசைத்தார். திரை மூடியது.

அக்காவும் நானும் பார்த்தோம், இரண்டு பேர். எழுதினேன். உப்புக்கொத்தி, கூடு, 14.2.

கூட்டுக்குத் தொந்தரவில்லாமல் ஜீப்பைத் தண்ணீர்ப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினாள் அக்கா. ஃபிளாஸ்கில் டீ. பிஸ்கட். எல்லாரும் கட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினோம். காற்று பலமாக இருந்தது. கித்தான் படபடவென்று அடித்துக்கொண்டது. காகிதக் கப் பறந்தது. டாக்டர் துரத்திப் பிடித்தார்.

4.07.

"யாரோ வர்றாங்க," என்றார் டீச்சர்.

மணல்மேட்டுப் புதருக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கலாம். வெளிறிய மஞ்சள் உடை. இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். எங்களைப் பார்த்தாள். நின்றாள். பிறகு நாங்கள் வந்த வழியே, பாறைகள் பக்கம், நொண்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

"ஏம்மா! நில்லும்மா!"

அவள் நிற்கவில்லை.

முதலில் எனக்கு எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. யாரோ வழி தவறியவள், கால் சுளுக்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தக் கரையில் நடந்து வர வழியில்லை. ஆத்து வாயைத் தாண்டித்தான் வர வேண்டும். வந்த வழி முழுக்க எங்கள் டயர் தடம் தவிர மணலில் ஆள் தடம் எதுவும் இல்லை.

டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுட்டுப் போனா தண்ணி ஏறிடும்னு நீங்கதானே சொன்னீங்க. ஏத்திக்கலாம்மா."

அக்கா கடலைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏறுங்க, சீக்கிரம்."

ஏறினோம். நான் பலகையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு கட்டையும் தொங்கின.

4.10. ஜீப் கிளம்பியது. வீட்டுக்குப் போகும் திசையில் இல்லை, பாறைகளை நோக்கி.

அவள் எங்களுக்கு இருநூறு அடி முன்னால். அக்கா வேகம் கூட்டினாள். முள் பதினைந்து. இருபது. அவள் நொண்டிக்கொண்டுதான் போனாள். ஓடவில்லை. ஆனாலும் இடைவெளி குறையவில்லை.

"என்னடி இது..." அக்கா முணுமுணுத்தாள்.

4.14. ஹாரன் அடித்து நிறுத்தினாள். நாங்கள் நின்றோம்.

அவளும் நின்றாள். விழுந்தாள். ஒரு கையால் மணலில் அடித்துக்கொண்டாள்.

தப்... தப்... தப்...

காற்றின் சத்தத்தைத் தாண்டி அது கேட்டது. நாங்கள் நகர்ந்ததும் எழுந்தாள். இழுத்து இழுத்து நடந்தாள்.

4.18. மறுபடி நின்றோம். மறுபடி விழுந்தாள்.

தப்... தப்... தப்...

டாக்டர் ஜோக் அடிக்கவில்லை.

நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். எங்கள் கித்தான் காற்றில் கிழிந்துவிடும்போல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் உடை அசையவில்லை. ஒரு நூல்கூட.

இன்னொன்று. அந்த மணலில் நண்டுகள் உண்டு, ஆயிரக்கணக்கில். மனிதக் காலடி இருபது அடி தூரத்தில் விழுந்தாலே எல்லாம் வளைக்குள் ஓடிவிடும். அவள் அவற்றின் நடுவே நடந்தாள்.

ஒரு நண்டுகூட ஒளியவில்லை.

அக்காவின் தோளைத் தொட்டு நண்டுகளைக் காட்டினேன். அக்கா பார்த்தாள்.

4.24. 16.4.

அக்கா என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். நானும் இறங்கினேன். மணலில் அவள் தடம் தெளிவாக இருந்தது. வலது பாதம், அழுத்தமாக. இடது பாதத்துக்குப் பதில் ஒரு நீளக் கோடு. பாதம், கோடு, பாதம், கோடு...

அப்புறம் எதுவும் இல்லை.

காய்ந்த மணல். அலை தொடாத இடம். தடம் அங்கேயே நின்றுபோயிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கரை முழுக்கக் காலியாக இருந்தது.

"வண்டியில ஏறு," என்றாள் அக்கா. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நோட்டுல எதுவும் எழுதாத. ஏறு."

ஏறும்போது ஏனென்று தெரியாமல் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

ஒற்றை சீட் காலியாக இருந்தது.

"அக்கா... மூணாம் நம்பர் இல்ல."

"கட்டை இருந்துச்சே!"

கட்டை இருந்தது. இப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை மாட்டியிருந்தார். மாட்டிவிட்டு, ஏறாமல் நின்றுவிட்டார்.

4.30. அக்கா ஜீப்பைத் திருப்பினாள். அவ்வளவு வேகமாக அவள் மணலில் ஓட்டி நான் பார்த்ததில்லை. டீச்சர் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் கம்பியைப் பிடித்த கை வெளுத்திருந்தது. நான் அக்காவுக்குத் தெரியாமல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரமும் தூரமும் குறித்துக்கொண்டே வந்தேன். கடல் எங்களுக்கு இடது பக்கம். போகும்போது பார்த்ததைவிடப் பத்தடி கிட்டே வந்திருந்தது.

4.35. 14.2.

அவர் அங்கேதான் இருந்தார்.

மணல்மேட்டின் பாதி உயரத்தில். கையில் ஒரு நீளக் குச்சி. குனிந்து, தன் காலடியையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக ஏறிக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வந்த இடம். ஒவ்வொரு அடிக்கும் குச்சியை மணலில் குத்தினார். எடுத்தார். குத்தினார்.

அக்கா ஹாரன் அடித்தாள். அவர் திரும்பவில்லை.

"சார்! தண்ணி ஏறுது! வாங்க!"

"அஞ்சு நிமிஷம்."

"சார், அஞ்சே காலுக்குள்ள..."

"அஞ்சே நிமிஷம்மா."

சாந்தமான குரல். கடையில் மீதிச் சில்லறைக்குக் காத்திருப்பவர் மாதிரி.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம்.

தப்... தப்...

நாங்கள் திரும்பினோம்.

முப்பது அடி. முப்பதே அடி. ஈர மணலில் அவள் கிடந்தாள்.

அலை அவள் மேல் ஏறி இறங்கியது. கையால் மணலில் அடித்துக்கொண்டாள். தப். தப். தப். உடம்பு ஒரு பக்கமாகச் சுருண்டு துடித்தது. வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை.

அவள் எங்களைப் பார்க்கவில்லை.

அவரைப் பார்த்தாள்.

டீச்சர் அலறினார். "சார்! அங்க பாருங்க சார்! அந்தப் பொண்ணு!"

அவர் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்கிறோம். ஜீப்பே அலறுகிறது. அவர் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. குத்தினார். எடுத்தார். குத்தினார்.

தப். தப். தப். தப்.

அவள் இன்னும் வேகமாக அடித்துக்கொண்டாள்.

அக்கா இறங்கி ஓடினாள். மேட்டில் ஏறி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். என் அக்கா ஒல்லி. அவர் நல்ல ஆகிருதி. எப்படி இழுத்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மூணு பேரு உசிரு என் கையில இருக்கு. இப்ப ஏறலேன்னா உங்களை இங்கயே விட்டுட்டுப் போவேன். சத்தியமா போவேன்."

அவர் குச்சியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். ஏற வேண்டிய உயரம் இன்னும் பாதி மிச்சம். பிறகு புன்னகைத்தார்.

"சரி. இன்னொரு நாள்."

4.44. அவர் பின் சீட்டில் உட்கார்ந்தார். இந்த முறை நான் கண்ணால் பார்த்தேன். ஜீப் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அவள் எழுந்தாள்.

இரண்டு காலிலும் நேராக நின்றாள். இழுக்கவில்லை. நொண்டவில்லை. மணல்மேட்டை நோக்கி, சாதாரணமாக, வீட்டுக்குள் போகிறவள் மாதிரி நடந்து போனாள்.

ஆத்து வாய்க்கு வந்தபோது மணி 5.08. தண்ணீர் வேகமாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இறக்கினாள். தண்ணீர் கதவு வழியே உள்ளே வந்து என் செருப்பை மிதக்கவிட்டது. நடுவில் ஒருமுறை பின்சக்கரம் சுழன்று நின்றது. டீச்சர் என் கையை இறுக்கியதில் நகம் பதிந்தது. அப்புறம் ஏதோ பிடித்துக்கொண்டது. அக்கரை.

5.11.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "பல்லைக் கடிச்சுக் கடிச்சு எனக்கே கடைவாய்ப் பல் ஆடுது." யாரும் சிரிக்கவில்லை.

எல்லாரும் இறங்கித் துணி பிழிந்துகொண்டிருந்தபோது அக்கா என்னிடம் வந்தாள்.

"நோட்டைக் குடு. பென்சிலும் ரப்பரும்."

கொடுத்தேன். உப்புக்கொத்திக் கூடு இருந்த வரி. 14.2. அதை அழித்தாள். அதன் மேல் 11.6 என்று எழுதினாள். ஊதினாள். மூடிக் கொடுத்தாள்.

ஒரு புள்ளி தப்பினால் தொலைத்துவிடும் என் அக்கா.

"அக்கா, என்ன பண்ற?"

"அந்தாளு பறவையைப் பார்க்கல." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நாம எல்லாம் அவ போற பக்கம் பார்த்தோம். அவர் அவ வந்த பக்கம் பார்த்தார்."

கேட்டில் டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்தார். உடை மாற்றித் தலை வாரியிருந்தார். இனிமையாகப் பேசினார்.

"பறவை லிஸ்ட் ஒரு போட்டோ எடுத்துக்கலாமாம்மா? ஞாபகத்துக்கு."

என்னால் மறுக்க முடியவில்லை. பக்கத்தைத் திறந்து பிடித்தேன். அவர் செல்போனை அந்த ஒரு வரிக்கு நேராகக் கொண்டுபோய், பெரிதாக்கி எடுத்தார்.

"பதினொன்னு புள்ளி ஆறு," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். "நான் இன்னும் தூரம்னு நினைச்சேன். மணல்ல தூரம் தெரிய மாட்டேங்குது, இல்ல?"

"ஆமாம் சார்."

நோட்டை மூடினேன்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பத்தொன்பது நாள் கழித்து, காலை 9.20-க்கு, வீட்டு வாசலில் போலீஸ் ஜீப். கரையில் ஒரு வாடகை வண்டி நிற்கிறது, ஆளைக் காணோம், மணல் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். அக்கா போனாள். நானும் கூடப் போனேன்.

வண்டி நின்றது 11.6-ல்.

அந்த இடத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆறு ஒரு காலத்தில் அங்கேதான் கடலில் கலந்ததாம். இப்போது வாய் நகர்ந்துவிட்டது. பழைய வாய்க்கால் மட்டும் கரையோடு கரையாக மூடிக் கிடக்கிறது. மேலே காய்ந்த மணல் மாதிரித் தெரியும். கீழே சேறு. எங்கள் ஜீப் எப்போதும் அதை ஒதுங்கித்தான் போகும். அக்காவுக்கு அது தெரியும். எழுதும்போதும் தெரியும்.

அக்கா தடம் பார்த்தாள். அந்த வாரம் கடல் மேடு வரைக்கும் ஏறாததால் அவை அழியவில்லை.

வண்டியிலிருந்து இறங்கிய செருப்புத் தடம், அவருடையது. பத்து அடி வந்து நின்றிருந்தது. நின்ற இடத்தில் மணல் கலைந்திருந்தது, ஒரே இடத்தில் நின்று எதையோ பார்த்தவர் மாதிரி.

அவருக்கு எதிரே இன்னொரு தடம்.

பாதம். கோடு. பாதம். கோடு.

அது மணல்மேட்டை நோக்கிப் போயிருந்தது. நேராக, மேலே, புதர் வரைக்கும்.

அவர் அதைத் தொடரவில்லை. அவருக்குத்தான் தெரியுமே. எப்பவுமே எதிர்ப்பக்கம். அவர் தடம் அங்கிருந்து திரும்பி, அதற்கு நேர் எதிரே, பழைய வாய்க்காலை நோக்கிப் போனது. பக்கத்தில் குச்சி குத்திய துளைகள். முதலில் செருப்பளவு ஆழம். அப்புறம் கணுக்கால். அப்புறம் முழங்கால்.

அப்புறம் சமதளம். அலை வந்து நிரவியிருந்தது.

மூன்றாம் நாள் அவரை எடுத்தார்கள். அவர் எங்களிடம் கொடுத்த பெயர் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு குடும்பம் வழிகாட்டி இல்லாமல் அந்தக் கரைக்குப் போய் மாட்டிக்கொண்டது. நான் அப்போது கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்; அக்காவும் செய்தி கேட்டதோடு சரி, அந்த ஆட்களைப் பார்த்ததில்லை. புருஷன் மட்டும் பிழைத்தான். வண்டி புதைந்தது, கடல் ஏறியது, பெண்டாட்டியையும் பிள்ளையையும் அலை கொண்டுபோனது என்று சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை. பெண்ணின் உடல் நாலாம் நாள் ஒதுங்கியது. மஞ்சள் உடை.

நாலு வயதுப் பிள்ளை கிடைக்கவேயில்லை.

அந்தப் புருஷன்தான் எங்கள் மூன்றாம் எண். மணலில் குச்சி குத்தி அவர் எதைத் தேடினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று இரவு அக்காவிடம் கேட்டேன். "எத்தனையோ நம்பர் இருக்கே. ஏன் பதினொன்னு புள்ளி ஆறு?"

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"கைக்கு வந்துச்சு," என்றாள். "நான் எழுதல புழு. கைக்கு வந்துச்சு."

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. தூக்கத்தில் சில நாள் கையால் படுக்கையில் அடித்துக்கொள்கிறாள். நான் எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன்.

அந்த எண்ணைப் பார்த்தது மூன்று பேர். அக்கா, நான், அவர். போலீஸ் பார்த்ததெல்லாம் அப்புறம்தான். அவர் அங்கேதான் வந்து இறங்குவார் என்று நொண்டிக்கொண்டு போனவளுக்கு எப்படித் தெரிந்தது? அவர் எதிர்ப்பக்கம்தான் போவார் என்று யார் சொன்னது? தெரியவில்லை. அந்த நோட்டை எத்தனை தடவை புரட்டியும் தெரியவில்லை.

போன மாதம் நான் மறுபடி அக்காவோடு போனேன். அந்தப் பெண் முதலில் இறங்கி வந்த மேடு வந்ததும் அக்கா வேகத்தைக் குறைத்தாள். மணி 4.07. புதர் நிழலில் மஞ்சளாக ஏதோ உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்தது. எழவில்லை. நொண்டவில்லை. பயப்படாத பறவை நடிக்காது. அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேர். ஆனாலும் எழுதவில்லை.

மேட்டின் மேலே என்ன இருக்கிறது என்று நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று சில இரவு தோன்றும். விடிந்தால் தைரியம் போய்விடும்.

ஆரம்பத்தில், நேரமும் தூரமும் எல்லாம் நோட்டில் இருப்பவை என்று சொன்னேன். நேரங்கள் எல்லாம் சரி.

தூரங்களில் ஒன்று மட்டும் சரியில்லை. 14.2 என்று எழுதியிருக்கிறேன் அல்லவா...

அங்கே போய்த் தேடாதீர்கள். அங்கே எதுவும் இல்லை.